மோதிரம் பாடும், சங்கிலி பாடாது

வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை வழியாகக் கோவளம் கடற்கரைக்கு ஒரு குடும்பம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அலையில் கால் நனைத்து, பிள்ளைகளோடு விளையாடிக் கரை திரும்பினால் இரண்டு நகைகளைக் காணோம். ஒன்று ஒரு சவரன் மோதிரம். மற்றது ஒரு சவரன் மெல்லிய சங்கிலி. இரண்டும் 8 கிராம், இரண்டும் 22 காரட். இரண்டும் ஈர மணலுக்குள் அரைச் சாண் ஆழத்தில் கிடக்கின்றன.

லட்ச ரூபாயைத் தாண்டும் விலையுள்ள உயர்தர மெட்டல் டிடெக்டர் ஒன்றைக் கொண்டுவந்து மணலின் மேல் வீசிப் பார்க்கிறார்கள். மோதிரத்தைக் கடக்கும்போது கருவி தெளிவாகப் பாடுகிறது. சங்கிலியைக் கடக்கும்போது பெரும்பாலும் வாயே திறப்பதில்லை. ஒரே தங்கம், ஒரே எடை, ஒரே ஆழம். ஒன்று மட்டும் ஏன் ஒளிந்துகொள்கிறது?

இந்தப் புதிருக்கு விடை தெரிந்துவிட்டால், இந்தக் கருவியை (இனி உலோகங்காணி என்றே சொல்வோம்) எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பழகுவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

தொடாமல் சுற்றும் தட்டு

முப்பது வயதைக் கடந்தவர்களுக்குப் பழைய ஈபி மீட்டர் நினைவிருக்கும். கண்ணாடிக்குள் ஓர் அலுமினியத் தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் விளிம்பில் ஓர் அடையாளக் கோடு. கிரைண்டரைப் போட்டால் தட்டு வேகமெடுக்கும், அணைத்தால் தளரும். அலுமினியத்தைக் காந்தம் இழுப்பதில்லை. அந்தத் தட்டை எந்த மின்கம்பியும் தொடுவதுமில்லை. பிறகு அதைச் சுற்றவைத்தது எது?

1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்தூண்டல்தான். ஒரு கம்பிச் சுருளில் மின்னோட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால், அதைச் சுற்றியுள்ள காந்தப்புலமும் ஏறி இறங்கும். அப்படி மாறும் காந்தப்புலத்துக்குள் ஓர் உலோகம் இருந்தால், யாரும் தொடாமலேயே அதற்குள் மின்னோட்டம் பிறக்கும். ஆற்று நீர் சுழிப்பதுபோல அது வட்டமடிக்கும். அதனால் அதற்குச் சுழல் மின்னோட்டம் என்று பெயர். மீட்டர் தட்டைச் சுற்றவைத்ததும் அதுவே, சமையலறை இண்டக்‌ஷன் அடுப்பின் மேலுள்ள பாத்திரத்தைச் சூடாக்குவதும் அதுவே. பாத்திரமே வைக்காமல் கையை மட்டும் வைத்தால் அந்த அடுப்பு கையைச் சுடாது. சுழி பிறக்க உலோகம் வேண்டும்.

உலோகங்காணி என்பது மிக மிக மெலிந்த ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு. அடுப்பு நொடிக்குப் பல்லாயிரம் முறை தன் காந்தப்புலத்தை மாற்றுகிறது, உலோகங்காணியும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் மாற்றுகிறது. வேறுபாடு ஒன்றுதான். அடுப்பு வெப்பத்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடுகிறது. உலோகங்காணி கொடுத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்கிறது. மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தில் பிறந்த சுழல் மின்னோட்டம் தனக்கென ஒரு சின்னக் காந்தப்புலத்தை உண்டாக்கும் அல்லவா? அந்த எதிர்க்குரலைத்தான் அது கேட்கிறது.

ஆனால் அந்தக் குரல் அனுப்பிய குரலைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லியது. மேளம் வாசித்துக்கொண்டே, பக்கத்தில் கொசு ரீங்கரிப்பதைக் கேட்பது போன்ற வேலை. இதைச் சாதிக்க நகைக்கடைத் தராசின் தந்திரம் உதவுகிறது. இரண்டு தட்டுகளும் சரிசமமாக நின்றால் ஒரு குன்றிமணி கூட முள்ளை அசைத்துவிடும். அதுபோல, அனுப்பும் சுருளையும் கேட்கும் சுருளையும் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படும்படி வைத்து, மேளச் சத்தம் கேட்கும் சுருளில் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்படி செய்கிறார்கள். உலோகம் அருகில் வந்தால் அந்தச் சமநிலை குலையும். குலைந்த அளவுதான் ஒலியாகிறது.

அதிபரின் மெத்தை

இந்தத் தராசை நோயாளியின் படுக்கையருகே கொண்டுபோனவர் தொலைபேசி கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல். 1881 ஜூலை 2-ல் அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டை வாஷிங்டன் ரயில் நிலையத்தில் ஒருவன் சுட்டான். உடலுக்குள் தங்கிய குண்டு எங்கே என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. பெல் தன் கருவியை, உடம்பில் குண்டோடு வாழ்ந்த பழைய போர்வீரர்கள் மேல் வைத்துச் சோதித்தார். அது சரியாகக் காட்டியது. அதிபரிடம் இரண்டு முறை கொண்டுபோனார், இரண்டு முறையும் தடுமாறியது. அதிபர் செப்டம்பர் 19-ல் இறந்தார்.

தோல்விக்குக் காரணங்கள் பின்னால் தெரிந்தன. அதிபர் படுத்திருந்த மெத்தைக்குள் எஃகுக் கம்பிகள் இருந்தன. அன்று அது புதுவகை மெத்தை, அப்படி ஒன்று இருக்கும் என்று பெல் நினைக்கவில்லை. இன்னொன்று, குண்டு வலப்பக்கம்தான் என்று நம்பிய மருத்துவர் அந்தப் பக்கத்தில் மட்டுமே தேட விட்டார். உடற்கூறாய்வில் அது இடப்பக்கம், ஆழத்தில் இருந்தது.

கருவி ஒரே கருவிதான். போர்வீரர்களிடம் வென்றது, மெத்தையிடம் தோற்றது. தேடும் பொருளைச் சுற்றி என்ன இருக்கிறது என்பது கருவியின் திறமைக்கு ஈடான கேள்வி. 140 ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தப் பாடத்தில் மாற்றமில்லை. நமக்கு மெத்தையின் இடத்தில் மண் இருக்கிறது.

வட்டம் மூடினால்தான் பாட்டு

புதிருக்கு வருவோம். சுழல் மின்னோட்டம் வட்டமடிக்க வேண்டும், அதற்கு வழி வேண்டும். மோதிரம் மூடிய வட்டம். மின்னோட்டம் அதன் முழுச் சுற்றளவையும் தடையில்லாமல் சுற்றிவரும். வட்டம் எவ்வளவு பெரிதோ, எதிர்க்குரலும் அவ்வளவு பெரிது.

சங்கிலி பார்வைக்கு நீளமானது. மின்னோட்டத்தின் கண்ணுக்கோ அது நூற்றுக்கணக்கான குட்டி வளையங்கள். ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் இடையே இருப்பது லேசான உரசல் மட்டுமே. அந்த உரசல் வழியாக மின்னோட்டம் நன்றாகப் பாயாது. ஆகவே ஒவ்வொரு கண்ணியும் தன் சின்னஞ்சிறு வட்டத்துக்குள் தனியாக முனகுகிறது. நூறு பேர் சேர்ந்து முனகினாலும் ஒருவர் உரக்கப் பாடுவதற்கு ஈடாகாது. சங்கிலியில் ஓரளவாவது குரல் கொடுப்பது பெரும்பாலும் கொக்கியோ, கோத்திருக்கும் பதக்கமோதான்.

இதே காரணத்தால் கால் விரல் மெட்டியும் ஏமாற்றும். எல்லா உலோகங்களிலும் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி. ஆனாலும் விரலுக்கேற்ப நெகிழ்த்திக்கொள்ள வசதியாக மெட்டிகள் பலவும் வாய் திறந்த வளையமாகவே இருக்கும். முனைகள் தொடாவிட்டால் பெரிய வட்டம் அறுந்துவிடும்.

இது வெறும் ஊகமில்லை, யாரும் சோதித்துப் பார்க்கலாம். ஒரு செம்புக் கம்பியை மோதிர அளவுக்கு வளைத்து, முனைகளைச் சுரண்டித் துலக்கி இறுக முறுக்கி, உலோகங்காணிக்கு முன்னால் காட்டுங்கள். பிறகு முறுக்கைப் பிரித்து முனைகளை விலக்கி, அதே தூரத்தில் காட்டுங்கள். அதே செம்பு, அதே எடை. குரல் விழுந்துவிடும். கருவி எடையை அறிவதில்லை, விலையையும் அறிவதில்லை. மின்னோட்டம் சுற்றிவரும் வழியை மட்டுமே அறிகிறது.

குடத்தைச் சுண்டிப் பார்ப்பது போல

பாத்திரக் கடையில் வெண்கலப் பாத்திரத்தை விரலால் சுண்டிப் பார்ப்போம். கணீரென்று ஒலித்து, நெடுநேரம் கழித்து அடங்கினால் கனத்த நல்ல உலோகம். தகர டப்பாவைத் தட்டினால் உடனே அடங்கிவிடும். சுழல் மின்னோட்டத்துக்கும் இப்படி ஓர் அடங்கும் நேரம் உண்டு. கனமான வெள்ளிக் காசில் அது நூறு மைக்ரோ நொடி அளவுக்குச் சுழன்று அடங்கும். (ஒரு நொடியைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு மைக்ரோ நொடி.) சிகரெட் பெட்டியின் மெல்லிய தாளில் சில மைக்ரோ நொடிகளிலேயே அடங்கிவிடும்.

இதைக் கேட்க இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழி, மணியடிப்பது போல ஒரே அடி அடித்து, கையை எடுத்துவிட்டு, அடங்கும் ஒலியைக் கேட்பது. இதைத் துடிப்புத் தூண்டல் என்போம். இரண்டாவது வழி, நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டே எதிர்க்குரல் எவ்வளவு பின்தங்கி வருகிறது என்று பார்ப்பது. பஜனையில் முன்பாடகர் பாட, மற்றவர்கள் ஒரு நூல் பின்தங்கிப் பாடுவார்களே, அதுபோல. நன்றாகக் கடத்தும் கனமான உலோகம் அதிகம் பின்தங்கும், மெல்லிய தாள் குறைவாகப் பின்தங்கும். இரும்பு வேறு தினுசு. அது தானே காந்தமாகி முன்பாடகரோடு ஒட்டிப் பாடப் பார்க்கும். இந்தப் பின்தங்கலைத்தான் கருவி 0 முதல் 99 வரை போன்ற ஓர் எண்ணாகத் திரையில் காட்டுகிறது. உலோகங்களைப் பிரித்தறிவது என்று விற்பனையாளர்கள் சொல்வது இந்த எண்ணைத்தான்.

இங்கேதான் பலர் பணத்தை இழக்கிறார்கள். ‘தங்கத்தை மட்டும் காட்டும்’ கருவி வேண்டும் என்று கேட்கிறார்கள். அப்படி ஒன்று இல்லை. 22 காரட் நகையில் தங்கம் 91.6 விழுக்காடு, மீதி செம்பும் வெள்ளியும். மூன்றுமே தனித்தனியே அருமையான கடத்திகள். ஆனால் கலந்தவுடன் அணுக்களின் ஒழுங்கு குலைந்து, கடத்தும் திறன் வெகுவாக விழுந்துவிடுகிறது. அதனால் தங்க மோதிரத்தின் எண் பல நேரங்களில் குளிர்பான டப்பாவின் இழுப்பு வளையம், மாத்திரை அட்டையின் அலுமினியத் துண்டு ஆகியவற்றின் எண்ணோடு கலந்துபோகிறது. மாத்திரை அட்டைகளைத் தோண்ட மறுப்பவருக்கு மோதிரம் கிடைக்காது.

நம் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்பாலான கருவிகள் இரும்பை ஒதுக்கும்படி அமைக்கப்பட்டு வருகின்றன. ஆணியும் சோடா மூடியும் எரிச்சலூட்டும் என்பதால் அப்படி. ஆனால் நம் சட்டைப் பையில் இருக்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் காந்தத்தில் ஒட்டும் வகைத் துருப்பிடிக்காத எஃகு. ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டிக்கொள்ளும். வெளிநாட்டுக் காசுகளை மனத்தில் வைத்து ஆணியை ஒதுக்கிய கருவி, நம் ரூபாயையும் ஆணியோடு சேர்த்து ஒதுக்கலாம், அல்லது எண் நிலைகொள்ளாமல் தாவலாம்.

ஒதுக்கவே கூடாத இடமும் உண்டு. யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 சாலையில் உள்ள முகமாலையில் போருக்குப் பிறகு கண்ணிவெடி அகற்றும் வேலை நெடுங்காலமாக நடக்கிறது. அதில் பெண்கள் பலர் ஈடுபட்டிருக்கிறார்கள். அங்கே ஆணிக்கும் வெடிக்கும் ஒரே மரியாதைதான். பல வெடிகளில் உலோகம் மிகச் சிறு அளவே இருக்கும். அதனால் உலோகங்காணியை மட்டும் நம்பாமல், நீண்ட கைப்பிடியுள்ள வாரியால் மண்ணை அங்குலம் அங்குலமாக வாரி எடுக்கும் முறையையும் இலங்கையில் கையாண்டார்கள். கருவி கேட்காததைக் கை கண்டுபிடிக்கும் என்ற இந்த அறிவு கோவளத்திலும் நமக்குத் தேவைப்படும்.

ஆழத்துக்கு 64 மடங்கு விலை

‘எத்தனை அடி ஆழம் போகும்?’ என்பது கடையில் முதலில் எழும் கேள்வி. சுருளை விட்டு விலக விலகக் காந்தப்புலம் மிக வேகமாக மெலிகிறது. தூரம் இரட்டித்தால் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். போகும்போது எட்டில் ஒன்று, எதிர்க்குரல் திரும்பும்போது மறுபடி எட்டில் ஒன்று. ஆக, ஆழத்தை இரட்டித்தால் கேட்கும் குரல் 64-ல் ஒரு பங்கு. கருவியின் திறனை 64 மடங்கு கூட்டினால்தான் ஆழம் இரட்டிக்கும். விலையை இரட்டித்தால் ஆழமும் இரட்டிக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு இயற்கை இடம் தரவில்லை.

ஒரு காசைப் பொறுத்தவரை, கருவி நம்பத் தகுந்தபடி கேட்கும் ஆழம் பெரும்பாலும் தேடுசுருளின் குறுக்களவை ஒட்டியே இருக்கும். பெரிய சுருள் சற்று ஆழம் போகும். ஆனால் அருகருகே கிடக்கும் ஆணியையும் மோதிரத்தையும் ஒன்றாகக் குழப்பிவிடும். குப்பை நிறைந்த இடத்தில் 6 அங்குலச் சின்னச் சுருள் 15 அங்குலச் சுருளை வென்றுவிடும். உயர்தரக் கருவிக்குக் கொடுக்கும் பணம் ஆழத்துக்கான பணமில்லை. மண்ணின் இரைச்சலிலிருந்து பொருளின் குரலைப் பிரித்தெடுக்கும் திறமைக்கான பணம்.

நம் மண்ணின் இரைச்சல்

தென்சென்னைப் புறநகர் மண் இந்தக் கருவிகளுக்குக் கடினமான பரீட்சை வைக்கிறது. பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம், வண்டலூர்க் குன்றுகளின் கருங்கல்லுக்கு சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருந்த கல்லும் இந்த வகையே என்று கண்ட புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் சூட்டிய பெயர் அது. இந்தப் பாறையில் இரும்புக் கனிமங்கள் உண்டு. பாறை சிதைந்து உண்டான செம்மண்ணிலும் செம்புறைச் சரளையிலும் இரும்பு ஆக்சைடு நிறைந்திருக்கிறது. அந்த இரும்புத் துகள்கள் தாங்களே காந்தத்துக்கு விடை சொல்லும். கருவியைத் தரையருகே கொண்டுபோனாலே மண் முழுவதும் முணுமுணுக்கும்.

கடற்கரையில் இரைச்சல் இரட்டை. ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றிக் கோவளத்திலோ திருவான்மியூரிலோ மணலில் இழுத்துப் பாருங்கள். கறுப்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டு வரும். அவை பெரும்பாலும் மாக்னடைட் என்னும் இரும்புக் கனிமம். அது ஒரு வகை இரைச்சல். இன்னொரு வகை உப்பு நீர். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் ஈர மணல் முழுவதிலுமே மெல்லிய சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. அது மிக விரைவில் அடங்கிவிடுகிறது, மெல்லிய தாளைப் போல. மெல்லிய சங்கிலியைப் போலவும்!

புதிரின் இரண்டாம் பாதி இங்கே அவிழ்கிறது. உப்பின் முணுமுணுப்பு நம்மைத் தொந்தரவு செய்யாதபடி கருவி அதைக் காதில் வாங்காமல் விடுகிறது. சங்கிலியின் முனகலும் அதே சாயலில் இருப்பதால், உப்போடு சேர்ந்து சங்கிலியும் காதில் விழாமல் போகிறது. உலர்ந்த மணலில், உயர்ந்த அதிர்வெண்ணில் தேடினால் அதே சங்கிலி மெல்லக் குரல் கொடுக்க வாய்ப்புண்டு. ஈர மணலில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

எதை வாங்குவது?

மண்ணின் இரைச்சலை வெல்ல இரண்டு வழிகளில் கருவிகள் வளர்ந்தன. துடிப்புத் தூண்டல் கருவி, அடித்துவிட்டுச் சில மைக்ரோ நொடி பொறுத்துக் கேட்பதால், உப்பு அதற்குள் அடங்கிவிடும். கடலோரத்தில் கனமான மோதிரம் தேட இது நல்ல துணை. ஆனால் ஆணி, மோதிரம் என்ற வேறுபாட்டை அநேகமாகச் சொல்லாது. பொறுத்துக் கேட்பதால் மெல்லிய சங்கிலியையும் தவறவிடும்.

மற்றது பல அதிர்வெண் முறை. தாழ்ந்த அதிர்வெண் கனமான வெள்ளி, செம்பை நன்றாகக் கேட்கும். உயர்ந்த அதிர்வெண் மெல்லிய தங்கத்தை நன்றாகக் கேட்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் அனுப்பினால் இன்னொரு பெரும் பயன் உண்டு. ஒரே நிகழ்வை இரண்டு சாட்சிகளிடம் விசாரிப்பது போல, உப்பு ஓர் அதிர்வெண்ணில் சொல்வதும் மற்றதில் சொல்வதும் எப்படி மாறும் என்பது தெரிந்த சங்கதி. அந்த மாற்றத்தைக் கழித்துவிட்டால் எஞ்சுவது உலோகம். 1985-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் தொடங்கிய மைன்லேப் நிறுவனம் இந்த முறையைப் பெரிதும் வளர்த்தது. இரும்பு மண்டிய செம்மண் நாட்டில் இது வளர்ந்ததில் வியப்பில்லை. அவர்களுடைய ஈக்வினாக்ஸ், பிரான்ஸின் எக்ஸ்பி நிறுவனத்தின் டியூஸ் 2 ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை.

ஆகவே விலைப் பட்டியலைத் திறப்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்குத் தாளில் விடை எழுதுங்கள். எந்த மண்ணில் தேடப்போகிறேன், செம்மண்ணா, உலர் மணலா, ஈர மணலா? எதைத் தேடப்போகிறேன், மூடிய வளையமா, மெல்லிய கண்ணியா, கனமான காசா? சுற்றிலும் குப்பை எவ்வளவு? தாம்பரத்துத் தோட்டத்திலும் கோவளத்து மணலிலும் மோதிரம் தேட விரும்புபவருக்குப் பல அதிர்வெண் கருவியும், நடுத்தரச் சுருள் ஒன்றும், சிறிய சுருள் ஒன்றும் போதும். நீர் புகாத உடலும் குறைந்த எடையும் அவசியம். ஒன்றரைக் கிலோவை இரண்டு மணி நேரம் ஒரே கையில் வீசிப் பார்த்தால் எடையின் அருமை புரியும்.

பழகுவது எப்படி?

வீட்டுத் தோட்டத்தில் ஒரு பழகு பாத்தி அமையுங்கள். ஒரு ரூபாய், பழைய செப்புக் காசு, மெட்டி, மாத்திரை அட்டை, ஆணி, சோடா மூடி இவற்றை ஒரு முழ இடைவெளியில், அளந்த ஆழத்தில் புதையுங்கள். எது எங்கே என்று நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். அதன் மேல் வீசி, ஒவ்வொன்றின் எண்ணையும் ஒலியையும் எழுதிவையுங்கள். ஒரு வாரம் கழித்து நோட்டைப் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். மழைக்குப் பிறகு ஒருமுறை செய்யுங்கள். அதே காசு ஈர மண்ணில் வேறு குரலில் பேசுவதைக் கேட்பீர்கள்.

ஒவ்வொரு நாளும் முதல் வேலை மண் சமன் செய்வது. உலோகம் இல்லாத இடத்தில் சுருளைத் தரைக்கு மேல் ஏற்றி இறக்கி, மண்ணின் முணுமுணுப்பு மறையும்வரை கருவியைச் சரிசெய்ய வேண்டும். தராசு முள்ளை நடுவில் நிறுத்திவிட்டு எடைபோடுவது போலத்தான். வீசும்போது சுருள் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். வீச்சின் இரு முனைகளிலும் கை தானாக மேலே எழும், அதை அடக்கப் பழக வேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூட வேண்டும், கோலத்துக்கு முன் வாசல் பெருக்குவது போல, இடைவெளி விடாமல்.

கருவி சும்மா உளறினால் காரணத்தைப் பிரித்தறிய எளிய சோதனை உண்டு. சுருளைத் தரையில் அசையாமல் வையுங்கள். அப்போதும் உளறினால் இரைச்சல் காற்றிலிருந்து வருகிறது. அசைத்தால் மட்டும் உளறினால் மண்ணிலிருந்து வருகிறது. 1931-ல் மின்ரயில் வந்த கடற்கரை–தாம்பரம் தடத்துக்கு மேல் இன்று 25,000 வோல்ட் கம்பி ஓடுகிறது. அதன் அருகிலும், உயரழுத்தக் கோபுரங்களின் அடியிலும் காற்று இரைச்சல் அதிகம். அங்கே அதிர்வெண்ணைச் சற்று மாற்றுவதும், உணர்திறனைக் குறைப்பதும் வழி. உணர்திறனை உச்சத்தில் வைத்தால் நன்றாகக் கேட்கும் என்பது தவறான எண்ணம். கல்யாண மண்டபத்தில் மைக்கின் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் கேட்பது கீச்சொலிதானே?

குரல் கேட்டால் உடனே தோண்டாதீர்கள். தொண்ணூறு பாகை திரும்பி நின்று மறுபடி வீசுங்கள். இரு திசையிலும் ஒரே எண் வந்தால் வட்டமான பொருளாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு திசையில் பாடி மறு திசையில் உடைந்தால் நீளமான ஆணியாகலாம். யூகத்தை எழுதிவிட்டுத் தோண்டுங்கள், விடையையும் எழுதுங்கள். தவறிய யூகங்கள்தாம் உங்கள் மண்ணைப் பற்றி அதிகம் கற்றுத்தரும். கடைசியில் குழியை மூடுங்கள். எடுத்த குப்பையைக் குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

எங்கே வீசக் கூடாது

1863 மே 30 அன்று, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் சரளை தோண்டிய குழி ஒன்றில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். மனிதக் கை செதுக்கிய கல். இந்தியாவில் பழைய கற்கால ஆய்வைத் தொடங்கிவைத்த கண்டுபிடிப்பு அது. இன்றைய உலகின் மிகச் சிறந்த உலோகங்காணியை அந்தக் குழியின் மேல் வீசியிருந்தாலும் சரளையின் முணுமுணுப்பு மட்டுமே கேட்டிருக்கும். நம் புறநகரின் மிகப் பெரிய புதையலைக் கண்டது ஒரு பயிற்சி பெற்ற கண்.

உலோகமே கிடைத்தாலும் அதன் கதை உலோகத்துக்குள் இல்லை. தமிழ்நாடு தொல்லியல் துறை 2025 ஜனவரியில் வெளியிட்ட ‘இரும்பின் தொன்மை’ அறிக்கையில், தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் இரும்புக்குக் கி.மு. நான்காம் ஆயிரமாண்டுவரை போகும் காலம் சொல்லப்பட்டது. அந்தக் காலத்தைச் சொன்னவை இரும்போடு ஒரே அடுக்கில் கிடந்த கரியும் பானை ஓடும். ஒலி கேட்டவுடன் ஒரு கொத்தில் இரும்பை மட்டும் உருவி எடுத்திருந்தால், அது வெறும் துருப்பிடித்த துண்டாகவே நின்றிருக்கும். பல்லாவரம் தொடங்கிச் செங்கல்பட்டுவரை பெருங்கற்காலக் கல்லறைகள் பரவிக் கிடக்கும் நிலம் இது. அங்கே கருவியோடு போய்த் தோண்டுவது எழுதப்படாத வரலாற்றின் பக்கத்தைக் கிழிப்பதாகும்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். விமானப்படைத் தளமும் ரயில்வே நிலமும் விளையாடும் இடங்களல்ல. உங்கள் வீட்டுத் தோட்டம், அனுமதி தந்தவரின் மனை, நகையைத் தொலைத்தவர் அழைக்கும் இடம், இவை போதும். கண்ணீரோடு நிற்கும் ஒரு குடும்பத்துக்கு மோதிரத்தை மீட்டுத் தருவதைவிட இந்தக் கருவிக்கு வேறென்ன நல்ல பயன் வேண்டும்?

கோவளத்தில் காத்திருக்கும் அந்தக் குடும்பத்திடம் திரும்புவோம். மோதிரம் கிடைத்துவிட்டது. சங்கிலிக்கு இப்போது என்ன செய்வது? மணலை மிதித்துக் கலைக்காமல், நின்ற இடத்தை நினைவுபடுத்தி நான்கு குச்சிகளை நட வேண்டும். மோதிரம் எங்கே, எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்பது நல்ல தடயம். அன்று அலை அங்கே எவ்வளவு மணலை மூடியது என்பதை அதுவே சொல்லும். நீர் வடிந்து மணல் உலரத் தொடங்கியதும், சின்னச் சுருளைப் போட்டு, உயர்ந்த அதிர்வெண்ணில், மிக மெதுவாக வீச வேண்டும். காதை வைக்க வேண்டியது சங்கிலிக்கல்ல, கொக்கிக்கு. அதுவும் கேட்கவில்லையானால், குச்சிகளுக்கு நடுவே உள்ள மணலை அள்ளி ஒரு சல்லடையில் போட்டுச் சலிக்க வேண்டும். கருவி எதைக் கேட்காது என்று தெரிந்தவருக்குத்தான் எப்போது சல்லடையைக் கையில் எடுப்பது என்றும் தெரியும்.